வேலை விட்டு நிற்கும் நாளில் நமக்குச் சேர வேண்டிய காசு

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் கலந்துகொண்ட தொழிலாளர் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை என்றால் விறகு, துணி, கடைத்தெரு என்று உங்களுக்கு நூறு வேலை இருக்கும். அதை விட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விசயத்துக்கு வருகிறேன். வேலை விட்டு நிற்கும்போது நமக்கு என்னென்ன காசு வர வேண்டும்? அது எப்படிக் கணக்குப் பார்க்கப்படுகிறது? வராவிட்டால் எங்கே போவது? இந்த மூன்றும்தான் இன்றைய பேச்சு.

"பென்சன் காசு" என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோம். அந்தப் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தருக்கு வருவதுபோல மாதாமாதம் வரும் பென்சன் தோட்டத் தொழிலாளிக்குக் கிடையாது. நமக்கு வருவது மூன்று தனித்தனிக் காசு. மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி இடம், தனித்தனி விண்ணப்பம். ஒன்றை வாங்கிக்கொண்டு "எல்லாம் முடிந்தது" என்று வீட்டுக்குப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். மற்ற இரண்டும் எங்கோ கிடக்கின்றன.

முதலாவது, ஊழியர் சேமலாப நிதி. ஈ.பி.எப். என்று சொல்வோமே, அது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். நம் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கிறார்கள். தோட்ட நிர்வாகம் தன் கையிலிருந்து குறைந்தது 12 வீதம் போட வேண்டும். மொத்தம் 20 வீதம். அந்தக் காசு மத்திய வங்கியில் உங்கள் பெயரில், உங்கள் அங்கத்துவ இலக்கத்தில் சேர வேண்டும்.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கை நிதியம், ஈ.டி.எப். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். இதில் நிர்வாகம் மட்டும் 3 வீதம் போட வேண்டும். நம் சம்பளத்தில் ஒரு சதம்கூடக் கழிக்க முடியாது.

மூன்றாவது, சேவைக்காலப் பணம். சட்டத்தில் பணிக்கொடை என்று பெயர். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். இது எந்த வங்கியிலும் சேர்ந்து வருவதில்லை. வேலை விட்டு நிற்கும்போது நிர்வாகமே நேராகத் தர வேண்டிய காசு.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் பாடசாலையில் ஆண்டு 8 பிள்ளைகளுக்கு வீதக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். இந்தக் கணக்கு அதைவிடக் கஷ்டம் இல்லை. 2024இல் சம்பள நிர்ணய சபை மூலம் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒரு அம்மா மாதத்தில் 20 பேர் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். 27,000 ரூபாய். அதில் 8 வீதம் 2,160 ரூபாய். சம்பளச் சீட்டில் இந்தத் தொகை கழிந்திருக்கும். நிர்வாகம் போட வேண்டிய 12 வீதம் 3,240 ரூபாய். இரண்டும் சேர்ந்து 5,400. அதற்கு மேல் ஈ.டி.எப். 3 வீதம் 810 ரூபாய். ஆக ஒரு மாதத்துக்கு 6,210 ரூபாய் அந்த அம்மாவின் பெயரில் சேர வேண்டும்.

சம்பளச் சீட்டில் 2,160 கழிந்திருப்பதைப் பார்க்கிறோம். அது மத்திய வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்க்கிறோம்? ஒரு மாதத்துக்கான காசை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் நிர்வாகம் அனுப்பிவிட வேண்டும். பிந்தினால் தண்டக் கட்டணம் உண்டு. பிந்தும் காலத்தைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை அது ஏறும். ஆறு மாதம் அனுப்பாமல் விட்டால், நான் சொன்ன அந்த அம்மாவின் ஈ.பி.எப். கணக்கில் மட்டும் 32,400 ரூபாய் இல்லை. ஒரு தோட்டத்தில் 300 பேர் வேலை செய்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இது வெறும் கற்பனை இல்லை. அரசாங்கம் நடத்துகிற தோட்டங்களிலேயே ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சேவைக்காலப் பணம் நிலுவையாகக் கிடந்து, அது பாராளுமன்றம் வரை பேசப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தொழிலாளர்கள் ஒரு நாளும் வேலையில் பாக்கி வைக்கவில்லை. நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கே கங்காணி கேட்டார், கணக்கப்பிள்ளை கேட்டார். காசு மட்டும் வருசக்கணக்கில் பாக்கி நின்றது.

சரி, போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எப்படி? வருசத்துக்கு இரண்டு தரம் மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களம் ஒவ்வொரு அங்கத்தவருக்கும் கணக்குக் கூற்று அனுப்புகிறது. அது தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். உங்கள் கையில் கொடுக்க வேண்டிய கடதாசி அது. ஆபிசில் கட்டுக் கட்டாகக் கிடப்பதற்காக அச்சடித்தது இல்லை. தோட்டத் தலைவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். "இந்த அரை வருசத்துக் கூற்று வந்ததா? எங்கள் ஆட்களுக்குப் பங்கிட்டாயிற்றா?" என்று பெரிய கிளாக்கரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். கூற்று கைக்கு வந்ததும் மூன்று விசயம் பாருங்கள். பெயர் சரியா? அடையாள அட்டை இலக்கம் சரியா? எல்லா மாதத்துக்கும் காசு விழுந்திருக்கிறதா?

பெயர் என்று சொன்னேன். நம் ஆட்கள் அதிகமாக அலைவது இதனால்தான். செக்ரோலில் ராமாயி. அடையாள அட்டையில் ராமாய். பிறப்புச் சான்றிதழில் ராமாயம்மா. அந்தக் காலத்தில் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. நாற்பது வருசம் கொழுந்து பறித்த காலமெல்லாம் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காசு எடுக்கப் போகும் அன்றைக்குத்தான் "இது நீங்கள் இல்லையே அம்மா" என்கிறார்கள். எழுபது வயதில் கிராம உத்தியோகத்தரிடமும், சமாதான நீதவானிடமும், தொழில் காரியாலயத்துக்கும் பஸ் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. பெயர் திருத்தத்தை நாற்பது வயதில் செய்தால் ஒரு நாள் வேலை. வேலையில் இருக்கும்போதே தோட்ட ஆபிசில் சொல்லித் திருத்துங்கள். தேவையானால் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். இரண்டு தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இரண்டு அங்கத்துவ இலக்கத்தையும் எழுதி வையுங்கள். பழைய இலக்கத்தில் கிடக்கும் காசும் உங்கள் காசுதான்.

அடுத்து, பின்னுரித்தாளி. நாம் இறந்துபோனால் ஈ.பி.எப். காசு யாருக்குப் போக வேண்டும் என்று நாமே பெயர் எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்குப் போகும். இல்லாவிட்டால் சட்டப்படி வாரிசு யார் என்று நிரூபிக்க வேண்டும். நம் தோட்டங்களில் எத்தனை பேர் கோயிலில் தாலி கட்டியதோடு சரி என்று இருக்கிறோம்? பதிவு இல்லை. புருசன் இறந்த பிறகு, முப்பது வருசம் கூட வாழ்ந்த பெண்சாதி தான்தான் பெண்சாதி என்று கடதாசியில் காட்ட முடியாமல் நிற்கிறாள். துக்க வீட்டில் பிள்ளைகளுக்குள்ளே சண்டை வருவதும் இங்கேதான். கல்யாணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்தவர்கள், இப்போது என்ன பெயர் இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். கல்யாணத்தைப் பதியாதவர்கள் பதியுங்கள். பேரப்பிள்ளை எடுத்த பிறகு பதிவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஈ.பி.எப். காசை எப்போது எடுக்கலாம்? ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது நிறைந்து வேலையை விட்டு நின்றால் எடுக்கலாம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதபடி உடம்பு பாதிக்கப்பட்டாலும் எடுக்கலாம். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்களும் எடுக்கலாம். ஆனால், பிள்ளைகளே, இருபத்திரண்டு வயதில் எடுத்து நகைக்கும் பந்தலுக்கும் போன காசு ஐம்பது வயதில் திரும்பி வராது. இதை ஒரு அண்ணனாகச் சொல்கிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதாவது 55 வயதாகிவிட்டது, போய்வா என்று நிர்வாகம் நம்மை நிறுத்த முடியாது. ஆனால் ஈ.பி.எப். எடுக்கும் வயது பழையபடியே இருக்கிறது. ஆகவே 50க்கும் 60க்கும் நடுவில் எப்போது நிற்பது என்று ஒரு அம்மா தானே யோசித்து முடிவெடுக்கலாம். மலையில் ஏற முடிகிறதா, முழங்கால் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு சேவைக்காலப் பணத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு இதுதான். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருசம் சேவை முடித்த எவருக்கும் சேவைக்காலப் பணம் உண்டு. தாமாக வேலையை விட்டாலும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு அரை மாதச் சம்பளம். எந்தச் சம்பளம்? கடைசியாக வாங்கிய சம்பளம். இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒருவர் 30 வருசம் வேலை செய்திருக்கிறார். கடைசி நாட்சம்பளம் 1,000 ரூபாயாக இருந்தால் 14 நாளுக்கு 14,000, முப்பது வருசத்துக்கு 4,20,000. கடைசிச் சம்பளம் 1,350 ஆக இருந்தால் 5,67,000. வித்தியாசம் 1,47,000 ரூபாய். சம்பளம் 350 ரூபாய் கூடியது இன்றைய நாளுக்கு மட்டும் இல்லை. முப்பது வருசத்துக்கு முன்னால் மழையில் நனைந்து போட்ட பேருக்கும் சேர்த்துக் கூடியது. சம்பளப் போராட்டத்துக்குக் கூப்பிட்டால் "எனக்கு இன்னும் ஒரு வருசம்தானே" என்று வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கணக்கில் வருவது முடித்த வருசங்கள்தான். 29 வருசமும் 10 மாதமும் என்றால் 29தான். இரண்டு மாதம் பொறுத்தால் இன்னும் 18,900 ரூபாய். ஆகவே விலகல் கடிதம் கொடுக்கும் முன் வேலைக்குச் சேர்ந்த திகதியைப் பாருங்கள். ஆபிசில் கோபித்துக்கொண்டு அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

தோட்டம் கைமாறியதைக் காரணம் காட்டி முன்னைய சேவையை வெட்டப் பார்ப்பதும் உண்டு. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் நிர்வாகம் போனது. பெயர்ப் பலகை மாறியது, துரை மாறினார். நாம் அதே மலையில் அதே கூடையைச் சுமந்தோம். கைமாறியதால் சேவைக்காலம் அறுந்துவிடாது. இப்போது ஓய்வு பெறும் வயதில் உள்ளவர்களில் சிலர் 1992க்கு முன்பே பேர் பதிந்தவர்கள். அவர்கள் பழைய சம்பளச் சீட்டு, பேர் பதிந்த விபரம் எது கையில் இருந்தாலும் பத்திரமாக வையுங்கள்.

வேலை விட்டு நின்று 30 நாளுக்குள் சேவைக்காலப் பணத்தைத் தர வேண்டும். பிந்தினால் தொகையோடு மேலதிகக் கட்டணமும் சேர வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் 10 வீதம், ஒரு வருசத்தைத் தாண்டினால் 30 வீதம். அந்த 5,67,000 ரூபாயை ஒரு வருசத்துக்கு மேல் இழுத்தடித்தால் 1,70,100 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும். "கம்பெனியில் காசு இல்லை, தேயிலை விலை இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம்" என்று சொல்லும்போது இந்த வீதம் உங்கள் நினைவில் இருக்க வேண்டும். தொழிலாளி இறந்துவிட்டால் அந்தப் பணம் வாரிசுகளுக்குப் போக வேண்டும். மோசடி செய்தார், நிர்வாகத்தின் பணத்தைக் கையாடினார், வேண்டுமென்று சொத்தைச் சேதப்படுத்தினார் என்ற காரணங்களுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டால் மட்டும், அந்த நட்டத்தின் அளவுக்கு வெட்டலாம். துரையோடு வாய் பேசினார் என்பதற்கோ, வேலைநிறுத்தத்தில் முன்னுக்கு நின்றார் என்பதற்கோ வெட்ட முடியாது.

இனிக் கைக்காசு வேலை. ஞாயிற்றுக்கிழமை கைக்காசு, கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு. இன்றைய கையிருப்புக்கு அது உதவுகிறது, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஈ.பி.எப். சட்டம் நிரந்தரத் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. துண்டு வேலைக்குக் கிடைக்கும் காசும் உழைப்பூதியம்தான். கிலோக் கணக்கில் வேலை வாங்கிவிட்டு, பேரேட்டில் ஏற்றாமல் விட்டால் அந்த நாள் உங்கள் முதுமைக் கணக்கில் இல்லாமல் போகிறது. இளம் பிள்ளைகளைப் பேர் பதியாமல் கைக்காசிலேயே வைத்திருந்தால், ஐந்து வருசம் உழைத்தாலும் தொழிலாளி என்று காட்ட ஒரு கடதாசி அவர்களிடம் இருக்காது.

அதைப் போலவே மலையைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் முறை. "நீங்களே பராமரியுங்கள், கொழுந்தை எங்களுக்கே கொடுங்கள்" என்கிறார்கள். கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், நல்ல நிலம் என்றால். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளையிலிருந்து நான் தொழிலாளியா இல்லையா?" தொழிலாளி என்றால் ஈ.பி.எப்., ஈ.டி.எப். தொடர வேண்டும். இல்லை என்றால் இதுவரையான சேவைக்காலப் பணத்தை 30 நாளுக்குள் தர வேண்டும். இரண்டும் இல்லாத பதில் வந்தால் கையெழுத்துப் போடாமல் சங்கக் காரியாலயத்துக்கு அந்தக் கடதாசியைக் கொண்டுவாருங்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள எந்தக் கடதாசியிலும் பெருவிரல் வைக்காதீர்கள்.

வேலையில் இருக்கும்போதே எடுக்கக்கூடிய காசு ஒன்றும் உண்டு. 2012இல் வந்த திருத்தத்தின்படி 10 வருசச் சேவையும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் இருந்தால், வீட்டுக்காகவோ வைத்தியத்துக்காகவோ மீதியில் 30 வீதம் வரை எடுக்கலாம். வீட்டுக்காக என்றால் காணி உறுதி போன்ற ஆவணம் கேட்பார்கள். லயத்தில் இருக்கும் நம்மிடம் அது எங்கே? நம் சொந்தக் காசில் நமக்கு வீடு கட்ட நமக்கே கதவு பாதி மூடியிருக்கிறது. காணி உரிமைப் போராட்டமும் ஓய்வுக் காசுப் போராட்டமும் ஒரே போராட்டம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வராத காசுக்கு எங்கே போவது? ஈ.பி.எப்.புக்குக் கே படிவத்தை நிரப்பி, அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதியோடு உங்கள் பகுதித் தொழில் காரியாலயத்தில் கொடுக்க வேண்டும். படிவத்துக்குக் காசு இல்லை. நிரப்பித் தருகிறேன் என்று ஆயிரம் இரண்டாயிரம் வாங்கும் தரகர்களிடம் போகாதீர்கள். சங்கக் காரியாலயத்திலும் நிரப்பித் தருவார்கள், பாடசாலைக்கு வந்தால் நானும் நிரப்பித் தருவேன். வங்கிக் கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும், வங்கி அட்டை உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஈ.டி.எப்.புக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

காசு கட்டாத நிர்வாகத்தைப் பற்றித் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம். தனியாளாகவும் செய்யலாம், சங்கத்தின் மூலமும் செய்யலாம். தமிழில் எழுதலாம், தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. விசாரித்த பிறகும் கட்டாவிட்டால் தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அறவிட முடியும். ஆனால் முறைப்பாட்டுக்கு உயிர் கொடுப்பது உங்கள் கையில் உள்ள சம்பளச் சீட்டுதான்.

கடைசியாக, நம் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. மாதாமாதம் சந்தா சரியாக வெட்டுப்பட்டதா என்று நாம் பார்க்கிறோம். அதே கவனத்தோடு, வெட்டுப்பட்ட 8 வீதம் மத்திய வங்கிக்குப் போனதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே செக்ரோலிலிருந்துதான் வெட்டப்படுகின்றன. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வருசத்துக்கு இரண்டு தரம், கணக்குக் கூற்று வரும் காலத்தில், ஒரு பிற்பகலை இதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் பிரேரிக்கிறேன். 55ஐத் தாண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும். யாருக்கு எது வந்தது, எது வரவில்லை என்று அதில் தெரிய வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது. பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். முதல் பக்கத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்துவ இலக்கம், வேலைக்குச் சேர்ந்த திகதி. அடுத்த பக்கத்திலிருந்து மாதாமாதம் எத்தனை பேர், எவ்வளவு சம்பளம், எவ்வளவு கழிந்தது. எழுதத் தெரியாத அம்மாவுக்கு மகள் எழுதட்டும், தாத்தாவுக்குப் பேரன் எழுதட்டும். சம்பளச் சீட்டுகளை அந்தக் கொப்பிக்குள்ளேயே வைத்து, கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். லயத்தில் அப்படி ஓர் இடம் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

கேள்வி இருப்பவர்கள் எழுந்து கேளுங்கள். சீட்டு கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வாங்குக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.